புரவியெடுப்பும் பெயரின்மையும்: கலை – கைவினைப் பகுப்பு குறித்து

சுடுமண் படைப்புகளைப் பற்றிய ஆய்வுகளில் ‘கலை’, ‘கைவினை’ என்னும் பகுப்பு பெரும்பாலும் விளக்கமின்றியே கையாளப்படுகிறது. கலைக்கல்லூரியில் பயின்றவர் வனைந்து காட்சிக்கூடத்தில் வைப்பது கலை. வேளார் வனைந்து அய்யனார் கோயிலில் நிறுத்துவது கைவினை. இப்பகுப்பின் அடிப்படையைப் புரவியெடுப்பைச் சான்றாகக் கொண்டு இக்கட்டுரை வினவுகிறது.

விளையப்போகும் பொருளை முன்கூட்டியே அறிந்து செய்வது கைவினையின் இயல்பு என்று ஆர்.ஜி. காலிங்வுட் 1938இல் வெளிவந்த தம் கலைக்கோட்பாட்டு நூலில் வரையறுத்தார். ஒரே பொருள் கலையாகவும் கைவினையாகவும் இருக்கக்கூடும் என்பதை அவர் மறுக்கவில்லை. எனினும், நேர்த்திக்கடனுக்காகச் சொல்லிச் செய்யப்படும் மண்குதிரை இவ்வளவுகோலின்படி முதன்மையாகக் கைவினையாகவே கொள்ளப்படும். செய்முறையை நோக்கினால் இம்முடிவு தளர்கிறது. உள்ளீடற்ற கால்கள் முதலில் எழுப்பப்படுகின்றன. பாரத்தைத் தாங்கும் அளவுக்கு அவை இறுகிய பின்னரே உடலும் கழுத்தும் தலையும் படிப்படியாகச் சேர்க்கப்படுகின்றன. மண்ணின் ஈரத்துக்கும் வெயிலுக்கும் ஏற்ப ஒவ்வொரு கட்டத்திலும் வேளார் புதிதாக முடிவெடுக்கிறார். குதிரை என்பது முன்பே தெரியும். இந்தக் குதிரை எவ்வாறு அமையும் என்பது தெரியாது.

ஜப்பானியச் சிந்தனையாளர் யனகி சோயெட்சு, 1925இல் உருவான ‘மிங்கெய்’ என்னும் கருத்தாக்கத்தின் வழி, பெயர் அறியப்படாத கைவினைஞரின் அன்றாடப் பொருள்களில் அழகைக் கண்டார். இக்கருத்து கைவினையை உயர்த்தியது. அதேவேளையில் பெயரின்மையை அதன் சிறப்பியல்பாகவும் ஆக்கியது. புரவியெடுப்பு இதற்கு உடன்படவில்லை. ஊரார் பிடிமண் கொடுப்பது உரிமையுடைய, அறிமுகமான வேளாரிடமே. பல ஊர்களில் அவரே கோயில் பூசாரியுமாவார். அக்குதிரை அருங்காட்சியகத்தை அடையும்போது, விளக்க அட்டையில் பெரும்பாலும் ஊரும் மூலப்பொருளும் காலமுமே எஞ்சுகின்றன. ஆகவே பெயரின்மை என்பது பொருள் இடம்பெயர்ந்ததன் விளைவு எனக் கொள்வதே பொருந்தும்.

வேளாரின் படைப்பையும் ‘கலை’ என்று அழைத்துவிட்டால் சிக்கல் தீரும் எனக் கருதுவதற்கில்லை. கோயில் வெளியில் நிற்கும் குதிரை மழையிலும் வெயிலிலும் சிதைய, அதனருகே அடுத்த எடுப்பின் குதிரை நிற்கிறது. நேர்த்திக்கடன், வனையும் உரிமை, மீளச் செய்தல் ஆகியவற்றால் ஆன இந்த ஒழுங்கை, தனித்த பொருளின் நிலைபேற்றைப் போற்றும் கலை என்னும் சொல் மறைத்துவிடும்.

புறநானூற்றின் 228, 256ஆம் பாடல்கள் தாழி வனையும் குயவரை விளித்து அமைந்தவை. அவரைக் ‘கோ’ என மதிப்புடன் விளித்த அப்பாடல்களும் அவரது பெயரைத் தரவில்லை. நம் களஆய்வுகள் இவ்விடுபாட்டைத் தொடர வேண்டியதில்லை. வனைந்தவர் யார், பிடிமண் அளித்தவர் யார், எந்த வேண்டுதலுக்காக என்பவற்றைப் பதிவுசெய்வது, இப்பகுப்பை மறுபரிசீலனை செய்வதற்கான முதல் தேவையாகும்.