பித்தனின் கையிலிருந்த ஓலை

எம்.ஏ. வகுப்பில் தடுத்தாட்கொண்ட புராணத்தைப் பக்திச் சுவைக்காகத்தான் நடத்தினார்கள். அது ஒரு வழக்குக்கட்டும்கூட என்று யாரும் சொல்லித் தரவில்லை. புத்தூரில் கல்யாணப் பந்தல். மாப்பிள்ளை சுந்தரர். ஒரு கிழவன் உள்ளே நுழைந்து இவன் எனக்கு வழிவழி அடிமை என்கிறான். சுந்தரர் அவனைப் பித்தன் என்கிறார். கிழவன் அதை மறுக்கக்கூட இல்லை. பித்தனாகவே இருந்துவிட்டுப் போகிறேன், என் ஓலைக்குப் பதில் சொல் என்கிற தோரணை. சுந்தரர் ஓலையைப் பிடுங்கிக் கிழிக்கிறார். வழக்கு திருவெண்ணெய்நல்லூர்ச் சபைக்குப் போகிறது. கிழித்தது படியோலைதான், மூலவோலை பத்திரமாக இருக்கிறது என்கிறான் கிழவன். பாட்டனின் கையெழுத்தை வேறொரு ஆவணத்தோடு ஒத்துப் பார்க்கிறார்கள். பித்தன் ஜெயிக்கிறான்.

12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் எழுதிய இந்தக் காட்சியில் நடக்காமல் போன ஒன்றுதான் என்னை உறுத்துகிறது. பித்தன் என்று எதிர்த்தரப்பு வெளிப்படையாகச் சொல்லியும், இவனுக்குப் புத்தி சரியாக இருக்கிறதா என்று சபை சோதிக்கவில்லை. ஓலையைத்தான் சோதித்தது. அவன் வாதி, நாம் பேசப்போவது குற்றம் சாட்டப்பட்டவர்களைப் பற்றி. தவிர அவன் கடவுள். வித்தியாசம் தெரியாமல் சொல்லவில்லை. ஆனாலும் கையில் ஓலை இருக்கிற பித்தன், கையில் ஓலை இல்லாத பித்தன் என்று இரண்டு சாதி உண்டு. ஓலை இல்லாதவர்களுக்கு நம் காலத்தில் என்ன நேர்ந்திருக்கிறது என்பதே இங்கே விஷயம்.

புத்தி பேதலித்தவரைச் சட்டத் தமிழ் வெகுநாள் 'சித்த சுவாதீனம் இல்லாதவர்' என்றே எழுதி வந்தது. சுவாதீனம் என்ற சொல்லை நம் ஊரில் ஒவ்வொரு கிரயப் பத்திரத்திலும் பார்க்கலாம். காடோ வீடோ விற்றவர் வாங்கியவரிடம் 'சுவாதீனத்தை' ஒப்படைப்பார். சித்தமும் ஒரு சொத்து, அது கைநழுவிப் போகும், போனால் வேறொருவர் பொறுப்புக்கு வரும் என்பது அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. சுந்தரர் மேல் தொடுத்த வழக்கும் சுவாதீன வழக்குதான், ஆளை அடிமைகொள்கிற ஆளோலை வழக்கு.

நம் நண்பர்கள் எப்போதும் இரண்டு கேள்விகளைப் போட்டுக் குழப்புகிறார்கள். குற்றம் நடந்த நேரத்தில் புத்தி எப்படி இருந்தது என்பது ஒரு கேள்வி. இந்திய தண்டனைச் சட்டத்தின் 84ஆம் பிரிவு, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 22ஆம் பிரிவு, அதைப் பற்றியது. சினிமாக்காரர்களுக்குப் பிடித்தது அது. கொலை செய்துவிட்டுப் பைத்தியம்போல் நடித்துத் தப்பிக்கிற கதைகளெல்லாம் அதில் பிறந்தவை. நான் எடுத்துக்கொள்வது இரண்டாவது கேள்வியை. இன்று கூண்டில் நிற்கிற இந்த ஆளால் தன் தரப்பைச் சொல்ல முடியுமா? 1973 குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 328, 329ஆம் பிரிவுகள் அது. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 367, 368. முடியாது என்று மருத்துவ சாட்சியத்தின் பேரில் நீதிமன்றம் முடிவு செய்தால் வழக்கு தள்ளி வைக்கப்படும். ரத்து இல்லை, விடுதலை இல்லை, தண்டனையும் இல்லை.

இந்தக் கேள்விக்கு ஒரு பூர்வகதை உண்டு. பழைய இங்கிலாந்தில் குற்றம் சாட்டப்பட்டவன் வாய்திறந்து குற்றவாளி அல்லது குற்றவாளி இல்லை என்று சொன்னால்தான் விசாரணையே தொடங்கும். சொல்ல மறுத்தவன் நெஞ்சில் பாரத்தை ஏற்றி ஏற்றி நசுக்கினார்கள். 1772 வரை அந்தச் சட்டம் இருந்தது. அதனால் ஒருவன் வேண்டுமென்றே வாய்மூடி நிற்கிறானா, தெய்வச் செயலால் ஊமையாகிவிட்டானா என்பதை முதலில் தீர்மானிக்க வேண்டியிருந்தது. 1836இல் ப்ரிட்சார்டு என்ற காதுகேளாத, வாய்பேசாத மனிதனின் வழக்கில்தான் இது ஓர் அளவுகோலாகத் திரண்டது: ஊமைத்தனம் பொய்யா நிஜமா, குற்றச்சாட்டுக்குப் பதில் சொல்லத் தெரியுமா, விசாரணையின் போக்கைப் புரிந்துகொள்கிற அறிவு உண்டா. நெஞ்சில் பாரம் ஏற்றுவது போய்விட்டது, சந்தேகம் போகவில்லை. 'ஆக்டிங் போடுறான் சார்' என்று நம் காவல் நிலையத்தில் சொல்லப்படும் வாக்கியத்துக்கு ஆங்கிலேய நீதிமன்றத்தில் இருநூறு வருஷத்துக்கு மேல் வயசு.

இனி அஸ்ஸாமுக்குப் போக வேண்டும். மச்சாங் லாலுங் திவா பழங்குடி. 1951இல் ஒருவருக்குக் கொடுங்காயம் விளைவித்ததாகக் கைதானார். அப்போது அவருக்கு வயது 23. தேஜ்பூர் மனநல மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டார். 1967இல் இவர் நலமாக இருக்கிறார் என்று மருத்துவமனை எழுதிக் கொடுத்தது. அதற்கப்புறம் வழக்கு நடந்திருக்க வேண்டும் அல்லது அவர் ஊருக்குப் போயிருக்க வேண்டும். இரண்டும் நடக்கவில்லை. குவாஹாத்தி சிறைக்கு மாற்றப்பட்டார். 2005 ஜூலையில், தேசிய மனித உரிமை ஆணையம் தலையிட்ட பிறகு, 1 ரூபாய் சொந்த ஜாமீனில் வெளியே வந்தார். வயது 77. உள்ளே இருந்தது 54 வருஷம். விசாரணை ஒரு நாள்கூட நடக்கவில்லை. 2007இல் இறந்துபோனார்.

இந்த இடத்தில் நமக்குள்ளேயே ஒரு சண்டை போட வேண்டியிருக்கிறது. 1990களிலிருந்து நம் சிற்றிதழ்களில் பைத்தியம் என்றால் ஃபூக்கோ. அறிவு அதிகாரமாகிறது, மருத்துவச் சொல்லாடல் பைத்தியக்காரனைக் கட்டமைக்கிறது, பகுத்தறிவு தன் மற்றமையை மதில் கட்டி அடைக்கிறது. இதையெல்லாம் வாசித்து நாம் வளர்ந்தோம். நான் அதை மறுக்கப் போவதில்லை. பித்துநிலையை எதிர்ப்பின் குறியீடாக்கி எத்தனை கவிதைகள், எத்தனை கதைகள்! ஆனால் லாலுங்கின் கோப்பை அந்தக் கண்ணாடியோடு திறந்தால் ஒன்றும் தெரிவதில்லை. அங்கே மருத்துவச் சொல்லாடல் அவரைப் பைத்தியம் என்று பிடித்து வைத்துக்கொள்ளவில்லை. மருத்துவம் 1967லேயே கையை விரித்து, இவரை அனுப்பலாம் என்று சொல்லிவிட்டது. அதற்குப் பிறகான 38 வருஷத்தைத் தின்றது ஒரு கடிதம் வாசிக்கப்படாமல் கிடந்தது. கண்காணிப்புக் கோபுரத்திலிருந்து இடைவிடாமல் பார்த்துக்கொண்டிருக்கிற அதிகாரம் பற்றி நிறையப் பேசியாயிற்று. பார்க்கவே மறந்துபோகிற அதிகாரத்துக்கு நம்மிடம் கோட்பாடு இல்லை.

ஃபூக்கோ தன் மாணவர்களோடு சேர்ந்து 1973இல் வெளியிட்ட பியர் ரிவியேர் வழக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். 1835இல் நார்மண்டியில் தாயையும் தங்கையையும் தம்பியையும் வெட்டிக் கொன்ற குடியானவப் பையன். சிறையில் உட்கார்ந்து தன் கதையை நீளமாக எழுதினான். மருத்துவர்கள் அவனைப் பற்றி ஒருவரோடு ஒருவர் மல்லுக்கட்டினார்கள். மரண தண்டனை ஆயுள் தண்டனையாகி, 1840இல் சிறையில் தூக்கு மாட்டிக்கொண்டான். அவன் பிரதியின் அழகில் தாங்கள் சொக்கிப்போனதாக ஃபூக்கோ குழுவினரே ஒப்புக்கொண்டார்கள். அவனிடம் ஒரு பிரதி இருந்தது, ஆகவே அவனுக்கு வாசகர்கள் கிடைத்தார்கள். எழுதத் தெரிந்த பித்தனைத்தான் இலக்கியமும் கோட்பாடும் தத்தெடுக்கின்றன. நம் சித்தர் மோகத்திலும் இதே கணக்குதான்.

பரிசோதனை எப்படி நடக்கிறது? கோர்ட்டிலிருந்து ஒரு கடிதம் வரும். மருத்துவர் கேட்பார்: உம்மேல் என்ன கேஸ்? ஜட்ஜ் என்பவர் யார், என்ன செய்வார்? உன் வக்கீலிடம் நடந்ததைச் சொல்வாயா? குற்றம் நிரூபணமானால் என்ன ஆகும்? தேவைப்பட்டால் வார்டில் சில நாள் வைத்துப் பார்ப்பார்கள். கேள்விகள் நியாயமானவைதான். அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1960இல் டஸ்கி வழக்கில் சொன்னதும் இதற்குப் பக்கத்தில்தான் வரும்: தன் வக்கீலோடு கலந்து பேசுகிற திறனும், வழக்கைப் பற்றிய அறிவார்ந்த புரிதலும் வேண்டும்.

ஆனால் இதே கேள்விகளை எடுத்துக்கொண்டு ஒட்டன்சத்திரம் கோர்ட் வராண்டாவில் ஒரு திங்கட்கிழமை நின்று, புத்தி தெளிவாக உள்ளவர்களிடம் கேட்டுப் பாருங்கள். மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர், முருங்கைக்காட்டுக் கூலிக்காரர், வாய்தாவுக்காக ஒரு நாள் சம்பளத்தை விட்டு வந்தவர். 'குற்றச்சாட்டு வனைதல்' என்றால் என்ன? 'வக்கீல் தலையாட்டச் சொன்னா ஆட்டுவேன்ங்க' என்பதுதான் பதிலாக இருக்கும். பேரைக் கூப்பிட்டது காதில் விழவில்லை என்றால் அன்றைக்கு வாரண்ட். நீதிமன்றத்துக்குத் தன்னைப் புரியவைக்கிற தகுதி இருக்கிறதா என்று பரிசோதிக்க எந்தப் பிரிவும் எழுதப்படவில்லை.

இப்படிச் சொல்வதிலும் ஒரு வழுக்கல் இருக்கிறது, கெட்டிக்காரத்தனத்தின் வழுக்கல். எல்லோரும் ஒருவகையில் பைத்தியம்தான் என்று போய் முடிந்துவிடும். காதுக்குள் குரல் கேட்டுக்கொண்டிருக்கிற ஒருவரைக் கூண்டில் நிறுத்திக் குற்றத்தை ஒப்புக்கொள்கிறாயா என்று கேட்டு, அவர் 'ஆமா' என்றதும் எழுதிக்கொள்வது இதைவிடப் பெரிய அக்கிரமம். சிறு வழக்குகளில் அது நடக்க எந்தத் தடையும் இல்லை. பஸ் ஸ்டாண்டில் பிடித்துப் பெட்டி கேஸ் போட்ட ஆளுக்கு யாரும் மனநல மருத்துவரைத் தேடப்போவதில்லை. ஆகவே பரிசோதனை வேண்டும். கூடுதலாகவே வேண்டும். என் சண்டை பரிசோதனைக்குப் பிறகு வரும் காலத்தோடு.

குற்றவாளி என்று தீர்ப்பு வாங்கியவனுக்கு ஒரு தேதி கிடைக்கிறது. இத்தனை வருஷம், இன்ன நாளில் வெளியே. தகுதியில்லை என்று இரக்கப்பட்டு ஒதுக்கப்பட்டவனுக்கு அந்தத் தேதி கிடையாது. பாதுகாப்புக்காக எழுதிய பிரிவு தண்டனையைவிட நீளமாகிவிடுகிறது. அமெரிக்காவில் 1972இல் ஜாக்சன் வழக்கு. பேசவும் கேட்கவும் இயலாத, அறிவுக்குறைபாடுள்ள ஒருவர் மீது மொத்தம் ஒன்பது டாலர் பெறுமான திருட்டுக் குற்றச்சாட்டு. தகுதி வரும்வரை என்று சொல்லி முடிவில்லாமல் அடைத்து வைக்கக்கூடாது என்றது அந்த நாட்டு உச்ச நீதிமன்றம். பத்து வருஷம் கழித்து, 1982இல், வீணா சேத்தி வழக்கில் ஹசாரிபாக் சிறையின் நிலைமை நம் உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. குணமாகிவிட்டது என்று அறிவிக்கப்பட்ட பிறகும் இருபது முப்பது வருஷம் உள்ளே கிடந்தவர்கள் அங்கே இருந்தார்கள். அதற்குப் பிறகும் லாலுங் இருபத்துமூன்று வருஷம் உள்ளேதான். 2007இல், உத்தரப் பிரதேசத்தில் 38 வருஷம் விசாரணையின்றிக் கிடந்த ஒருவரைப் பற்றிய பத்திரிகைச் செய்தியை வைத்து உச்ச நீதிமன்றமே வழக்கு எடுத்து, மருத்துவ அறிக்கை குறிப்பிட்ட இடைவெளியில் கோர்ட்டுக்கு வந்தாக வேண்டும் என்று உத்தரவிட்டது. அதற்கும் பிறகு, 2021இல், டார்ஜிலிங்கில் 1980இல் கைதான நேபாளத்துக்காரர் ஒருவர் கொல்கத்தா உயர் நீதிமன்ற உத்தரவால் டம்டம் சிறையிலிருந்து வெளியே வந்தார்.

விடுவிப்பதற்குச் சட்டத்தில் வழி இல்லாமல் இல்லை. பழைய 330ஆம் பிரிவு, இப்போதைய 369. உள்நோயாளியாக வைத்திருக்கத் தேவையில்லை என்றால் விடலாம். ஆனால் 'நண்பரோ உறவினரோ' வந்து தொடர்ந்து சிகிச்சை பார்க்கிறேன் என்று பொறுப்பேற்க வேண்டும். உறவினர் வருவாரா? ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 அன்று சங்கிலியோடு எரிந்துபோனவர்களை அங்கே கொண்டுபோய் விட்டதே உறவினர்கள்தான். அவர்களைத் திட்டி எழுதுவது சுலபம். சேர்க்க ஆஸ்பத்திரியும், மாத்திரைக்குக் காசும், பார்த்துக்கொள்ள ஆளும் இல்லாத வீட்டில் வேறென்ன செய்வார்கள் என்பதும் கேட்கப்பட வேண்டும். சட்டம் எழுதியவர் 'நண்பர்' என்ற சொல்லையும் போட்டு வைத்திருக்கிறார். அந்தச் சொல்லை நாம் யாரும் இதுவரை உரிமை கோரவில்லை.

கோட்பாட்டுக் கட்டுரைக்குக் கீழே இதை எழுதுவது சிலருக்கு உறுத்தும். பரவாயில்லை. 2005 தகவல் உரிமைச் சட்டத்தில் மதுரை மத்தியச் சிறைக்கும் கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகத்துக்கும் மனு எழுதலாம். பெயர்கள் கேட்க வேண்டாம், அது அவர்களுடைய அந்தரங்கம். எண்ணிக்கையும் தேதியும் போதும். விசாரணைக்குத் தகுதியில்லை என்று வைக்கப்பட்டிருப்பவர்கள் எத்தனை பேர்? ஒவ்வொருவருக்கும் அந்த உத்தரவு எந்தத் தேதியில் போடப்பட்டது? கடைசி மருத்துவ அறிக்கை கோர்ட்டுக்குப் போன தேதி எது? தகுதி வந்துவிட்டது என்று எழுதிய பிறகும் வழக்கு தொடங்காதவை எத்தனை? பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்ட வேண்டும். தமிழிலேயே எழுதலாம்.