இளைப்பாறலும் பொறையும்: ஹொப்கின்ஸின் டப்ளின் பாடல்கள் குறித்து

சமயப் பாடல்களை மதிப்பிடும்போது திறனாய்வாளர் இரு எளிய முடிவுகளுள் ஒன்றைத் தழுவிக்கொள்வது வழக்கமாகிவிட்டது. அல்லலுற்ற உள்ளத்துக்கு ஆறுதலளிப்பன அவை என்று பக்தியுணர்வுடையோர் பாராட்டுவர். வாழ்க்கை முரண்பாடுகளை எதிர்கொள்ளவியலாதோர் தேடிக்கொண்ட புகலிடம் அவை என்று சமூகவியல் நோக்கினர் ஒதுக்குவர். முடிவில் வேறுபடினும், இரு சாராரும் ஓர் எடுகோளைப் பொதுவாகக் கொண்டுள்ளனர். நம்பிக்கை மனிதனுக்கு அமைதியை எளிதில் வழங்கிவிடுகின்றது என்பதே அவ்வெடுகோள். ஆங்கிலக் கிறிஸ்தவக் கவிதை மரபின் சிறந்த பகுதி இதற்கு மாறான சான்றினையே தருகின்றது. ஜெராட் மான்லி ஹொப்கின்ஸ் (1844 - 1889) தமது இறுதி ஐந்தாண்டுகளில் டப்ளின் நகரிலிருந்து இயற்றிய பாடல்கள் இவ்வகையில் தனிக் கவனத்துக்குரியன. இளைப்பாறலைப் பொறுமையின் வழியாகவே அடையலாம் என்பதும், பொறுமைகளுள் அரியது தன்னைத் தானே பொறுத்தல் என்பதும் அப்பாடல்கள் உணர்த்தும் உண்மைகளாகும்.

இளைப்பாறல் என்னும் கருத்து கிறிஸ்தவ மரபிலே பெறும் இடத்தை முதலில் நோக்குதல் பொருத்தமாகும். மத்தேயு நற்செய்தியின் 11ஆம் அதிகாரத்தில், சுமையால் வருந்துவோருக்கு இயேசு அளிக்கும் வாக்குறுதியின் பொருளாக அமைவது இதுவே. தமிழ் விவிலியம் அதனை 'இளைப்பாறுதல்' என்று மொழிபெயர்த்தது. இளைப்பு ஆறுதல் என்று அச்சொல் விரியும். இளைத்தவனுக்கன்றிப் பிறருக்கு அது உரியதாகாது. அவ்வாக்குறுதியை அடுத்து, நுகத்தை ஏற்குமாறு கூறும் அழைப்பு வருவதும் கவனிக்கற்பாலது. ஆகவே அங்குக் கூறப்படும் ஓய்வு சுமை நீங்கிய நிலையன்று. சுமையைத் தாங்கும் முறை மாறிய நிலையாகும். தமிழில் 'பொறை' என்னும் சொல் பொறுமையையும் பாரத்தையும் ஒருங்கே குறிப்பது இத்தொடர்பை மேலும் தெளிவாக்குகின்றது. திருவள்ளுவர் பொறையுடைமை என்னும் 16ஆம் அதிகாரத்திலே நிலத்தை உவமையாக்கி, பிறர் இழைக்கும் தீங்கினைப் பொறுத்தலையே சிறப்பாக வற்புறுத்தினார். ஹொப்கின்ஸின் பாடல்களிலே பொறுக்கப்பட வேண்டியவன் பிறனல்லன். அங்குத் தாங்கவியலாத சுமையாய் அமைவது அவரது சொந்த உள்ளமே.

இப்பொருள் ஹொப்கின்ஸுடன் தோன்றியதன்று. ஜோர்ஜ் ஹேர்பேர்ட் (1593 - 1633) மறைந்த ஆண்டில் வெளியான 'கோவில்' என்னும் தொகுதியிலே 'கப்பி' என்றொரு பாடல் உண்டு. மனிதனைப் படைத்த இறைவன் வலிமை, அழகு, அறிவு, மதிப்பு, இன்பம் ஆகியவற்றை அவன்மீது சொரிந்தபின், எஞ்சியிருந்த ஓய்வினை மட்டும் தன்னிடமே நிறுத்திக்கொள்கின்றான் என்பது அதன் பொருள். நன்மை அழைத்துவராதவனைக் களைப்பாவது தன்னிடம் கொண்டுவரட்டும் என்பது இறைவனின் எண்ணம். பாரத்தைக் கீழிழுத்து வேறொன்றை மேலுயர்த்தும் பொறியான கப்பி பாடலின் தலைப்பாக அமைந்ததன் நயம் இதுவாகும். 1652ஆம் ஆண்டளவில் பார்வையை முற்றாக இழந்த ஜோன் மில்ற்றன், தமது குருட்டுநிலை பற்றிய சொனெற்றிலே பொறுமையை ஒரு பாத்திரமாக்கிப் பேசவிட்டார். பணியாற்றவியலாமற் போயிற்றே என்று முறையிட முனையும் உள்ளத்துக்குப் பொறுமை மறுமொழி கூறுகின்றது. காத்து நிற்றலும் தொண்டே என்னும் தெளிவுடன் பாடல் நிறைவுறுகின்றது. மில்ற்றனிடத்தில் பொறுமை தெளிவாகப் பேசுகின்றது. கேள்விக்கு விடையும் கிடைத்துவிடுகின்றது. ஹொப்கின்ஸின் பாடல்களிலே அத்தகைய விடை எளிதில் வாய்ப்பதில்லை.

ஹொப்கின்ஸின் வாழ்க்கை தொடர்ச்சியான துறத்தல்களால் ஆனது. அங்கிலிக்கன் குடும்பத்திற் பிறந்து ஒக்ஸ்போர்டிற் பயின்ற அவர், 1866இல் ஜோன் ஹென்றி நியூமனால் கத்தோலிக்க திருச்சபையில் ஏற்றுக்கொள்ளப்பட்டார். இதனாற் பெற்றோருடன் பிளவு நேர்ந்தது. 1868இல் இயேசு சபையிற் சேர்ந்தபோது தாம் எழுதிய பாடல்களை எரித்தார். 1875இன் இறுதியில் 'டொய்ச்லாந்து' என்னும் கப்பல் உடைந்து ஐந்து கன்னியர் மாண்ட நிகழ்ச்சி மீண்டும் அவரைப் பாடத் தூண்டும்வரை ஏறத்தாழ ஏழாண்டுகள் கவிதையைத் துறந்திருந்தார். 1877இற் குருவானபின் லிவர்பூல், கிளாஸ்கோ முதலிய தொழில் நகரங்களிலே பணியாற்றினார்.

1884இல் டப்ளின் பல்கலைக்கழகக் கல்லூரியிலே கிரேக்கமொழிப் பேராசிரியராகவும் அயர்லாந்து றோயல் பல்கலைக்கழகத்தின் பரீட்சகராகவும் அவர் அமர்த்தப்பட்டார். அப்பல்கலைக்கழகம் கற்பிக்கும் நிறுவனமன்று. பரீட்சை நடத்திப் பட்டம் வழங்குவதே அதன் பணி. ஆகவே நாடெங்குமுள்ள மாணவரின் விடைத்தாள்கள் நூற்றுக்கணக்கில் அவரது மேசையிற் குவிந்தன. எவருக்கும் அநீதி நேரலாகாதென அஞ்சி அரைப் புள்ளியையும் காற் புள்ளியையும் நிறுத்துப் பார்த்து அவர் உழன்றார். கண்கள் நொந்தன, ஆராய்ச்சித் திட்டங்கள் தொடங்கிய இடத்திலேயே நின்றன. அயர்லாந்தின் சுயாட்சிக் கோரிக்கை எழுச்சிபெற்றிருந்த அக்காலத்தில், ஆங்கிலத் தேசப்பற்று மிகுந்த அவர் சூழ நின்ற மக்களின் அரசியலுடனும் ஒட்டவில்லை. குடும்பத்திலிருந்து ஒருமுறையும் தாய்நாட்டிலிருந்து ஒருமுறையும் அந்நியப்பட்டமையை அவரே ஒரு சொனெற்றிற் பொருளாக்கினார். கல்விப் பணியின் களைப்பு, அந்நியமாதல், முற்றுப்பெறாத முயற்சி ஆகிய மூன்றும் ஒன்றுசேர்ந்த நிலையிலே, 1885ஆம் ஆண்டளவில், 'கொடுந்துயர்ச் சொனெற்றுகள்' எனப் பிற்காலத்தார் அழைத்த பாடல்கள் பிறந்தன. அவற்றுட் சில தாம் அழையாமலும் தமது விருப்பத்துக்கு மாறாகவும் வந்தனவென நண்பர் றொபேட் பிரிட்ஜஸுக்கு அவர் எழுதினார்.

அப்பாடல்களுக்கு முன்னோடியாக, 1879இல் ஒக்ஸ்போர்டிலே பணியாற்றியபோது எழுதிய 'சமாதானம்' என்னும் குறும்பாடலைக் கொள்ளலாம். அதிற் சமாதானம் ஒரு காட்டுப் புறாவாக உருவகிக்கப்படுகின்றது. புறா கவிஞரைச் சுற்றிப் பறக்கின்றதேயன்றி வந்து அமர்வதில்லை. அதனைக் கவர்ந்த இறைவன் அதற்கு ஈடாகப் பொறுமையையேனும் விட்டுச்செல்ல வேண்டும் என்று கவிஞர் கருதுகின்றார். பொறுமையே பின்னர் இறகு முளைத்துச் சமாதானமாகும் என்பது அவரது நம்பிக்கை. வந்தமரும் சமாதானமும் இனிய ஒலி எழுப்பி மகிழ்விக்க வருவதன்று. அடைகாக்கும் வேலையுடனேயே அது வருகின்றது. ஓய்வையும் உழைப்பையும் எதிர்நிலைகளாகக் கொள்ளும் பொதுவழக்கு இங்கு முறியடிக்கப்படுகின்றது.

டப்ளினில் எழுந்த பொறுமைச் சொனெற் இக்கருத்தை மேலும் கடுமையான சோதனைக்கு உட்படுத்துகின்றது. பொறுமையை வேண்டுவதே கடினம் என்னும் ஒப்புதலுடன் பாடல் தொடங்குகின்றது. பொறுமையைக் கேட்பவன் உண்மையிற் கேட்பது போரையும் காயத்தையும் இழப்பையும் கீழ்ப்படிதலையுமே. அவை இல்லாத நிலத்தில் அது வேர்கொள்வதில்லை. தொடர்ந்து, பாழடைந்த சுவரை மூடிப் படரும் ஐவிக்கொடி உவமையாகின்றது. தகர்ந்துபோன பழைய நோக்கங்களின் இடிபாட்டை அக்கொடி மறைத்து நிற்கின்றது. இவ்வுவமையின் நேர்மை போற்றத்தக்கது. கொடி சுவரைத் திருத்திக் கட்டுவதில்லை. இழந்தவை மீளுமென்ற வாக்குறுதி எதுவும் இங்கில்லை. ஆயினும் இடிபாட்டின்மீதே உயிருள்ள ஒன்று பசுமையாய்த் தழைக்கின்றது.

பாடலின் பிற்பகுதியில் உள்ளம் தன்னோடு தானே உராயும் ஓசை கேட்கின்றது. வளைய மறுக்கும் சித்தத்தை இறைவன் வளைக்கட்டும் என வேண்டுவோர், அதனால் விளையும் வலியை அறிந்தே வேண்டுகின்றனர். இறுதியில் ஒரு திருப்பம் நிகழ்கின்றது. பொறுமையுடையவன் இறைவனே என்று பாடல் கண்டுகொள்கின்றது. தேனடையின் அறைகளிலே துளித்துளியாய்த் தேன் சேர்வதுபோல அவனது கருணை சேர்கின்றது. மனிதன் பயில முயலும் பொறுமை, மனிதனிடத்து இறைவன் ஏற்கெனவே காட்டிவரும் பொறுமையின் சாயலே என்பது இதனாற் பெறப்படும். நம்பிக்கை இங்கு வலியை அகற்றவில்லை, தனிமையை அகற்றியது.

இளைப்பாறல் பற்றிய நுண்மையான அறிவு, தமது உள்ளத்துக்கே இரங்குமாறு கவிஞர் தமக்குக் கூறும் மற்றொரு சொனெற்றில் வெளிப்படுகின்றது. வதைக்கும் மனமும் வதைபடும் மனமும் ஒன்றாயிருக்கும் அவலத்தை அது முதலில் எடுத்துரைக்கின்றது. ஆறுதலைத் தேடித் தடவுதல் குருடர் பகலொளியைத் தேடுதல் போலப் பயனற்றது. அதன்பின் கவிஞரின் தொனி மாறுகின்றது. களைத்த தொழிலாளி ஒருவனை அழைப்பதுபோல வீட்டுப் பேச்சுச் சொற்களால் தம்மை அழைத்து, எண்ணங்களைச் சற்று வேறிடத்தில் விட்டுவிடுமாறும், ஆறுதல் வேரூன்ற இடமளிக்குமாறும் அறிவுறுத்துகின்றார். இறைவனின் புன்முறுவல் முறுக்கிப் பிழிந்து பெறத்தக்கதன்று. மலைகளின் இடையே எதிர்பாராது தோன்றும் வானொளி போல அது தானாகவே வரும். அரைப் புள்ளிக்காக உறக்கமிழந்த ஒரு பரீட்சகர், தமக்குத் தாமே புள்ளியிடுவதை நிறுத்தக் கற்றுக்கொள்ளும் இடமாக இதனைக் கருதலாம். வலிந்து தேடாதிருத்தலே இளைப்பாறலின் தொடக்கம் என்பது பாடலின் முடிபாகும்.

1888இல் இயற்றிய அல்பொன்சஸ் றொட்றிகஸ் பற்றிய சொனெற்றும் இவ்விடத்து நினைவுகூரத்தக்கது. மனைவியையும் பிள்ளைகளையும் இழந்தபின் இயேசு சபையிற் சேர்ந்து, மயோர்க்காத் தீவின் கல்லூரியொன்றிலே பல்லாண்டுகள் வாயில் காத்தவர் அல்பொன்சஸ். புறப்போரில் ஏற்படும் வடுக்கள் புகழ்பெறுகின்றன. அகப்போரின் ஓசையோ எவர் செவிக்கும் எட்டுவதில்லை. கதவைத் திறந்து மூடும் அன்றாடக் கடமையினுள்ளே இறைவன் வெற்றிகளைத் திணித்து வைத்தான் என்று பாடல் கூறுகின்றது. விடைத்தாள் திருத்துவோன் வாயிற்காவலனிடத்தில் தன்னைக் கண்டான் எனலாம்.

இப்பாடல்களை அடங்கிப்போதலின் இலக்கியம் என ஒதுக்குதல் இயலுமா என்ற வினா எழலாம். 1889 மார்ச்சில், எரேமியா தீர்க்கதரிசியின் முறையீட்டை அடியொற்றி எழுதிய சொனெற்றிலே, தீயோர் செழிக்கத் தமது முயற்சிகள் மட்டும் தோற்பது ஏனென்று அவர் இறைவனையே வழக்குக்கு அழைக்கின்றார். முறையிடும் உரிமையைப் பொறுமை பறிக்கவில்லை. சமயத்தை அபினுக்கு ஒப்பிட்ட மார்க்ஸ், 1844இல் வெளியான அதே கட்டுரையில், சமயத்துயரம் மெய்த்துயரத்தின் வெளிப்பாடும் அதற்கெதிரான கண்டனமுமாகும் என்று கூறியதைப் பலர் மறந்துவிடுகின்றனர். ஹொப்கின்ஸின் பாடல்களில் வெளிப்பாடும் கண்டனமும் உள்ளன, மயக்கம் இல்லை.

எனினும் ஒரு குறைபாட்டையும் சுட்டுதல் வேண்டும். தம்மை வருத்திய நிலைமைகள் மாற்றத்தக்கன என்ற எண்ணம் இப்பாடல்களுள் இடம்பெறவில்லை. நிறுவனம் சுமத்திய பாரமும் மனித வாழ்வுக்கு இயல்பான துன்பமும் அங்கு வேறுபிரிக்கப்படாமல், இரண்டும் இறைவன் தந்த நுகமாகவே ஏற்கப்படுகின்றன. பொறுக்கத்தக்கதையும் பொறுக்கலாகாததையும் பிரித்தறியும் பொறுப்பு வாசகனைச் சார்ந்ததாகின்றது. இவ்வேறுபாட்டை மறந்து பொறுமையைப் பிறருக்குப் போதிப்போர் கவிஞருக்கு நீதி செய்தோராகார். அவர் பொறுமையைத் தமக்கே கூறினார், எவருக்கும் விதிக்கவில்லை.

1889 யூன் 8ஆம் திகதி, நெருப்புக் காய்ச்சலால், 44ஆவது வயதில் ஹொப்கின்ஸ் டப்ளினிற் காலமானார். அவரது பாடல்கள் பிரிட்ஜஸால் 1918இலேயே நூலாக வெளியிடப்பட்டன. தமது உழைப்பின் பயனை அவர் காணவில்லை. களைத்த மனிதனுக்கு அப்பாடல்கள் வழங்குவது மருந்தன்று, துணையாகும். தன்மீது தானே சுமத்திய தீர்ப்பைச் சற்று நேரம் இறக்கிவைத்துவிட்டுப் பணியைத் தொடரலாம் என்னும் அனுமதியை அவை தருகின்றன. நம்பிக்கையுடையோர் அதனை அருள் என்பர். ஏனையோர் வேறு பெயரிட்டு அழைக்கலாம். ஆயின் அதன் தேவையை, இரவு நீண்டும் விடைத்தாட் குவியல் குறையாத எந்த மேசையின் முன் அமர்ந்தவரும் மறுக்கமாட்டார்.