இரண்டு முகம் கொண்ட வங்கி: இஸ்தான்பூல் உஸ்மானிய வங்கிக் கட்டடம் பற்றி ஒரு பார்வை

உம்ராவுக்குப் போய்விட்டு வரும் வழியில் இஸ்தான்பூலில் இரண்டு மூன்று நாள் தங்கி வருவது இப்போது நம்மவர்களுக்குப் புதிதில்லை. கொண்டுவந்து காட்டும் போட்டோக்களில் எல்லாம் குப்பாவும் மினாராவும்தான். பாலத்தைக் கடந்து அக்கரைக்குப் போய் வந்தவர்கள் குறைவு. அக்கரையில் 'கலாட்டா' என்றொரு பகுதி இருக்கிறது. பெயரைக் கேட்டுச் சிரிக்க வேண்டாம். கொழும்புக்குக் கோட்டை எப்படியோ, உஸ்மானியத் தலைநகருக்குக் கலாட்டா அப்படி. கம்பனிகளும் தரகர்களும் வங்கிகளும் இருந்த இடம். அங்கே 'வங்கிகள் தெரு' என்றே ஒரு தெரு உண்டு. அதில் 1892இல் திறக்கப்பட்ட உஸ்மானிய வங்கித் தலைமையகம் இன்றும் நிற்கிறது.

உஸ்மானியரின் வாளைப் பற்றியும் பள்ளிவாசல்களைப் பற்றியும் நாம் கனக்கப் பேசுகிறோம். அவர்களின் கணக்குப் புத்தகத்தைப் பற்றிப் பேசுவது அபூர்வம். இந்தக் கட்டடத்துக்குள் இருந்தது அந்தக் கணக்குப் புத்தகம்தான்.

கட்டடத்தைப் பார்க்குமுன் கடனைப் பார்க்க வேண்டும். கிரிமியப் போர்ச் செலவுக்காக 1854இல் உஸ்மானிய அரசு முதன்முதலாக வெளிநாட்டில் கடன் வாங்கியது. 1863இல் பிரித்தானிய, பிரெஞ்சு முதலில் 'உஸ்மானிய ஏகாதிபத்திய வங்கி' உருவானது. நாணயத்தாள் வெளியிடும் உரிமை அதற்கே. பெயரில் அரச வங்கி; முடிவுகளை எடுத்த குழுக்கள் லண்டனிலும் பாரிஸிலும் இருந்தன. 1875இல் அரசு கடன் கட்ட முடியாமல் கைவிரித்தது. 1881இல், ஹிஜ்ரி 1299 முஹர்ரம் மாதத்தில் வந்த ஆணை, உப்பு, புகையிலை, முத்திரை, மது, மீன், பட்டு ஆகியவற்றின் வருமானத்தைக் கடன் கொடுத்தவர்களின் நிர்வாக சபையிடம் ஒப்படைத்தது. அந்த ஆணையின் பெயரே 'முஹர்ரம் ஆணை'. கடனுக்கு வருமானத்தை எழுதிக் கொடுத்த பத்திரத்துக்கு ஹிஜ்ரிப் புத்தாண்டு மாதத்தின் பெயர்!

இந்தச் சூழலில்தான் அலெக்சாந்தர் வல்லோரி என்ற கட்டடக்கலைஞரிடம் வங்கி வேலையைக் கொடுத்தது. இஸ்தான்பூலிலேயே பிறந்து பாரிஸில் படித்தவர். நகரின் தொல்பொருள் அருங்காட்சியகமும் பெரா பாலஸ் ஹோட்டலும் அவருடைய வேலைகளே. வங்கிக்கென அவர் எழுப்பியது ஓர் இரட்டைக் கட்டடம். ஒரு பாதி வங்கிக்கு, மறுபாதி புகையிலை ஏகபோகக் கம்பனிக்கு.

தெருப் பக்கம் நின்று பார்த்தால் பாரிஸ் அல்லது லண்டன் வங்கியொன்றின் முன்னால் நிற்பதாகத் தோன்றும். கனத்த கல், ஒழுங்கான யன்னல் வரிசை, ஐரோப்பிய மறுமலர்ச்சிப் பாணி. பின்பக்கம் போய்ப் பார்த்தால் ஆளே மாறிவிடுகிறது. பொற்கொம்புக் குடாவுக்கு அப்பால் சுலைமானியாப் பள்ளியும் பழைய நகரமும் இருக்கின்ற திசை அது. அந்தத் திசைக்கு வங்கி காட்டும் முகம் கீழைத்தேயப் பாணியில் இருக்கிறது; அகன்ற இறவாரமும் வெளியே துருத்திய யன்னல்களும் பழைய துருக்கி வீடுகளை நினைவூட்டுகின்றன.

வழிகாட்டிப் புத்தகங்கள் இதைக் 'கிழக்கும் மேற்கும் சந்திக்கும் இடம்' என்று புகழும். எனக்கு அந்தப் புகழ்ச்சியில் உடன்பாடில்லை. சந்திப்பதென்றால் இரண்டும் ஒரே இடத்தில் ஒன்றையொன்று பார்க்க வேண்டும். இங்கே இரண்டும் முதுகோடு முதுகு ஒட்டி நிற்கின்றன. பணம் உள்ளே வந்தது ஐரோப்பிய வாசலால். முஸ்லிம் நகரத்துக்குக் கிடைத்தது தூரத்திலிருந்து பார்க்க ஒரு முகம் மட்டும். வல்லோரியின் திறமையில் குறை சொல்ல முடியாது. இரண்டு முகத்தையும் அழகாகவே செய்திருக்கிறார். வங்கியின் நிலைமையை இதைவிட நேர்மையாக ஒரு கட்டடத்தில் சொல்லவும் முடியாது. அவர் நினைத்துச் செய்தாரோ இல்லையோ, கட்டடம் உண்மையைச் சொல்லிவிட்டது.

பழைய நகரத்தில், கடன் நிர்வாக சபைக்கும் 1897இல் அவரே ஒரு கட்டடம் கட்டினார். அது உஸ்மானியப் பாணியில் ஓர் அரண்மனை மாதிரி. கடன் வசூலிக்க வந்தவர்களின் அலுவலகம் சுல்தானின் மாளிகை போல உடுத்திக்கொண்டது. இன்று அது ஒரு பாடசாலை.

இந்தக் கல்லில் இரத்தமும் இருக்கிறது. 1896 ஓகஸ்ட் 26இல் ஆர்மீனியப் புரட்சியாளர்கள் வங்கியைக் கைப்பற்றி உள்ளே இருந்தவர்களைப் பிடித்து வைத்தார்கள். ஐரோப்பாவின் கண்ணைத் திறக்க ஐரோப்பாவின் பணத்தில் கைவைக்க வேண்டும் என்பது அவர்களின் கணக்கு. அவர்கள் பேச்சுவார்த்தைக்குப் பின் பாதுகாப்பாக நாட்டை விட்டு அனுப்பப்பட்டார்கள். அதே நாட்களில் நகரத்தில் ஆயிரக்கணக்கான அப்பாவி ஆர்மீனியர்கள் கொல்லப்பட்டார்கள். உஸ்மானியர் மீதுள்ள அன்பால் இதை மறைத்து எழுதுவது வரலாறு ஆகாது.

இப்போது வங்கிப் பகுதியில் நூலகமும் ஆவணக் காப்பகமும் வங்கி அருங்காட்சியகமும் இயங்குகின்றன. அங்கே பார்க்க வேண்டியது கீழே உள்ள பெட்டக அறை. இரும்புக் கதவு, தட்டுக்கள், பேரேடுகள், ஊழியர்களின் கோப்புகள். அங்கே கிழக்குமில்லை, மேற்குமில்லை, அலங்காரமே இல்லை. கட்டடத்தின் மூன்றாவது முகம் என்று அதைச் சொல்லலாம். முதல் இரண்டையும் தாங்கி நிற்பது அதுதான்.

அந்தப் பழைய கடனின் கடைசித் தவணையைத் துருக்கிக் குடியரசு 1954இல்தான் கட்டி முடித்தது. வாங்கத் தொடங்கியதிலிருந்து சரியாக நூறு வருடம். கிலாபத் போய், சாம்ராச்சியம் போய், கடன் மட்டும் மிஞ்சியிருந்தது.

2022 ஏப்ரல் 12இல் வெளிநாட்டுக் கடனைக் கட்டுவதை நிறுத்துவதாக நம் நாடும் அறிவித்தது. பெற்றோல் வரிசையிலும் காஸ் வரிசையிலும் நின்ற நமக்கு 1875 என்பது தூரத்துக் கதையாகத் தெரியக்கூடாது. இன்னொன்றும் இருக்கிறது. பச்சை நிறமும் வளைவு வாசலும் பிறையும் கண்டால் 'இது நம்முடையது' என்று மனம் இளகிவிடுகிற பழக்கம் நமக்கு உண்டு. கட்டடத்திலும் அப்படி, கடன் பத்திரத்திலும் அப்படி. உஸ்மானிய வங்கியின் பின்முகமும் நம்முடையது மாதிரித்தான் இருந்தது. முகப்பை ரசிப்பதில் தவறில்லை. ரசித்துப்போட்டு, பேரேடு யாருடைய கையில் இருக்கிறது என்றும் ஒருக்காக் கேட்க வேண்டும்.

அடுத்த முறை இஸ்தான்பூல் போகிறவர்கள் பாலத்தைக் கடந்து போய், கட்டடத்தின் இரண்டு பக்கத்தையும் சுற்றிப் பார்த்துவிட்டு வாருங்கள்.