டேவிட் லீ ராத்: புகழின் பாகப்பிரிவினை

ஒரு கலைஞருக்குக் கிடைத்த புகழ் அவருக்குத் தகுமா என்று கேட்பது சிலருக்குப் பொறாமைப் பேச்சாகத் தோன்றலாம். நாம் அவ்வாறு கருதவில்லை. புகழும் ஒருவகைச் சொத்துத்தான். நால்வர் உழைப்பில் சேர்ந்த சொத்து ஒருவர் பெயரில் எழுதப்பட்டிருக்குமானால், கணக்கைத் திறந்து பார்ப்பது எவ்வாறு பொறாமையாகும்? யார் யாருக்கு எவ்வளவு பங்கு என்று அறிந்து உரியவரிடம் சேர்ப்பது நீதியின்பாற்பட்ட செயலேயன்றோ? நிறையை மட்டும் பேசுவது துதி. குறையை மட்டும் பேசுவது வசை. இரண்டையும் நிறுத்துப் பார்ப்பதே திறனாய்வு. அந்த நோக்கில்தான் அமெரிக்கப் பாடகர் டேவிட் லீ ராத் அவர்களின் புகழை இங்கே எடைபோட முற்படுகிறோம்.

1980களில் அமெரிக்காவில் ஓங்கி வளர்ந்த இசைவகைகளுள் 'கிளாம் மெட்டல்' என்பதும் ஒன்று. கனத்த மின்கிதார் ஒலி, ஒருமுறை கேட்டதும் வாயில் நிற்கும் மெட்டு, பளபளக்கும் இறுக்கமான உடை, முக ஒப்பனை, விரித்துவிட்ட நீண்ட முடி ஆகிய யாவும் சேர்ந்ததே அது. லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் சன்செட் ஸ்ட்ரிப் வீதியிலுள்ள கேளிக்கை விடுதிகள் அதன் வளர்ப்புப் பண்ணைகளாக விளங்கின. அவ்வீதியில் பாடிப் பாடி மேலே வந்த குழுக்களுள் முதன்மையானது 'வான் ஹேலன்'. அதனை இவ்வகைக்குள் அடக்கலாமா என்பதில் இசை அறிந்தோரிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் இவ்வகைப் பாடகன் மேடையில் எவ்வாறு நிற்க வேண்டும், எவ்வாறு சிரிக்க வேண்டும், எவ்வாறு தாவ வேண்டும் என்பதற்கெல்லாம் இலக்கணம் வகுத்தவர் அக்குழுவின் பாடகர் ராத் என்பதில் ஐயமில்லை.

ராத் 1954 இல் இண்டியானா மாநிலத்துப் புளூமிங்டன் நகரில் பிறந்தார். இளமையில் கலிபோர்னியாவின் பேசடினா நகருக்கு வந்தார். ஆம்ஸ்டர்டாமில் பிறந்து, 1962 இல் பெற்றோருடன் அதே பேசடினாவில் குடியேறிய சகோதரர்கள் இருவர் அங்கே இருந்தனர். கிதார் வாசித்த எடி வான் ஹேலன் ஒருவர். முரசு கொட்டிய அலெக்ஸ் வான் ஹேலன் மற்றவர். பேஸ் கிதார் கலைஞர் மைக்கேல் அந்தனி நான்காமவராக வந்து சேர்ந்தார். இந்நால்வரின் முதல் இசைத்தட்டு 1978 பிப்ரவரியில் வெளிவந்தது. அமெரிக்காவில் மட்டும் அது ஒரு கோடிப் படிகளுக்கு மேல் விற்பனையானது. 1984 வரை ஆறு இசைத்தட்டுகள் ராத்தின் குரலோடு வெளிவந்தன.

இப்பாடகரைப் பற்றி இரண்டு கட்சிகள் உண்டு. ஒரு கட்சியார் அவரை மாபெரும் பாடகர் என்று தலையில் வைத்துக் கொண்டாடுவர். மற்றொரு கட்சியார் அவருக்குப் பாடவே தெரியாது என்று நகையாடுவர். நகையாடுவோர் கையில் ஒரு சான்றும் உள்ளது. முதல் இசைத்தட்டின் தொடக்கப் பாடலில், கருவிகளின் ஒலியை அறவே நீக்கி, ராத்தின் குரலை மட்டும் பிரித்தெடுத்த ஒலிப்பதிவொன்று பல ஆண்டுகளாக இணையத்தில் உலவி வருகிறது. அதில் அவர் கூவுகிறார், வீறிடுகிறார், முனகுகிறார். நடுநடுவே தமக்குத்தாமே பேசிக்கொள்கிறார். முதன்முறை கேட்போர் சிரிக்காமல் இருத்தல் அரிது.

அந்தச் சிரிப்பில் ஓரளவு நியாயமும் உண்டு. ராத்தின் குரல் வீச்சு குறைந்தது. நீண்ட ஸ்வரத்தை அசையாமல் ஏந்தி நிற்கும் ஆற்றல் அதற்கில்லை. மெல்லுணர்ச்சியைத் தாங்கும் ஈரமும் அதில் சிறிதே. அக்குழுவின் ஒலிப்பதிவுகளை உருவாக்கிய டெட் டெம்பிள்மன், தொடக்கத்தில் ராத்துக்குப் பதிலாகச் சாமி ஹேகர் என்ற பாடகரை அமர்த்தலாமா என்று தாம் எண்ணியதாகப் பின்னாளில் கூறியுள்ளார். கைதேர்ந்த ஒலிப்பதிவாளர் ஒருவரின் செவிக்கே அப்படித் தோன்றியிருக்குமானால், பிறரைக் குறை சொல்வானேன்?

எனினும், அதே ஒலிப்பதிவை இரண்டாம் முறை கேட்டால் வேறொன்று தெரியவரும். சுருதி எங்கே தவறினாலும் தாளம் ஓரிடத்திலும் தவறவில்லை. ஒரு சொல்லை எப்போது வீச வேண்டும், எப்போது நிறுத்தி வைத்துக் கேட்பவரை ஏங்கவிட வேண்டும் என்பதை அந்த மனிதர் அறிந்திருக்கிறார். அது சங்கீத வித்துவானின் கலை அன்று. மக்கள் கூட்டத்தின் முன் நின்று கதை சொல்பவனின் கலை. ராத்தின் உண்மையான மூலதனம் அங்கேதான் இருக்கிறது.

அம்மூலதனம் எங்கிருந்து வந்தது என்பதையும் காண்போம். அவருடைய தந்தையின் உடன்பிறந்தவரான மேனி ராத், நியூயார்க்கின் கிரீனிச் வில்லேஜ் பகுதியில் 'காஃபே வா' என்னும் புகழ்பெற்ற இசைக்கூடத்தை நடத்தியவர். பாப் டிலன் போன்றோர் தம் இளமையில் பாடிய இடம் அது. ராத்தின் செவி ராக் இசையோடு நின்றுவிடவில்லை. முதல் இசைத்தட்டிலேயே, ஜான் பிரிம் என்னும் கறுப்பினப் புளூஸ் கலைஞரின் பாடலொன்றைத் தாமே சாதாரணக் கிதாரை மீட்டித் தொடங்கி வைத்தார். 1982 இல் வெளிவந்த இசைத்தட்டில் 1920களின் பழம்பாடல் ஒன்றைக் குழுவினர் பாடியபோது, வான் ஹேலன் சகோதரர்களின் தந்தை யான் அவர்களே கிளாரினெட் வாசித்தார். 1985 இல் ராத் தனியே வெளியிட்ட சிறு இசைத்தட்டில், லூயி பிரைமா 1956 இல் இணைத்துப் பாடிய இரு பழம்பாடல்களை அதே அமைப்பில் பாடினார். அது பில்போர்டு பட்டியலில் 12 ஆம் இடம் வரை சென்றது. கனத்த கிதார் இசைக்கு நடுவே அமெரிக்காவின் பழைய கொட்டகை மேடையின் நகைச்சுவையையும் நையாண்டியையும் கொணர்ந்து வைத்தவர் இவர். அவ்வகைப் பாடகருள் இத்துணை அகன்ற செவி படைத்தவர் மிகச் சிலரே.

பாடல் வரிகளையும் பெரும்பாலும் அவரே புனைந்தார். 1984 இல் அக்குழுவுக்கு முதலிடம் பெற்றுத் தந்த 'ஜம்ப்' என்னும் பாடலை எடுத்துக்கொள்வோம். பில்போர்டு பட்டியலில் ஐந்து வாரம் அது முதலிடத்தில் இருந்தது. கட்டடத்தின் உச்சியில் நின்று குதிக்கப் போவதாக அச்சுறுத்திய ஒருவரைத் தொலைக்காட்சிச் செய்தியில் கண்டதே அதற்குத் தூண்டுகோல் என்று ராத் கூறியுள்ளார். அத்துணை இருண்ட காட்சியை எடுத்து, வாழ்வில் துணிந்து இறங்கு என்று அழைக்கும் உற்சாகப் பாடலாக மாற்றியது எளிய செயலன்று. ஆனால் அவர் வரிகளுள் பெரும்பகுதி இத்தரத்தை எட்டவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். பெண் என்றால் கண்ணடித்துச் சிரிப்பதற்கான பொருள் என்ற பார்வையைத் தாண்டி அவை அரிதாகவே செல்கின்றன. அக்காலத்துப் பழக்கம் அது என்று சிலர் சமாதானம் கூறுவர். பழக்கம் குற்றத்துக்குக் காரணம் ஆகலாம், மன்னிப்பு ஆகாது.

மேடைக் கோலமும் முற்றிலும் அவர் கண்டுபிடித்ததன்று. பிளாக் ஓக் ஆர்க்கன்சா என்னும் குழுவின் பாடகர் ஜிம் டாண்டி, அதே நீண்ட பொன்முடியோடும் இறுகிய உடையோடும் 1970களின் தொடக்கத்திலேயே மேடையேறியவர். அவரிடம் ராத் பெற்ற கடன் சிறிதன்று. இன்னும் ஒரு குறை: ஆரவாரத்தில் கடமையை மறந்த நாள்களும் உண்டு. 1983 மே மாதம் கலிபோர்னியாவில் நடந்த யூஎஸ் விழாவில் அக்குழுவுக்கு 15 இலட்சம் டாலர் ஊதியம் தரப்பட்டது. அன்று ராத் மேடையிலேயே பாடல் வரிகளை மறந்து தடுமாறினார்; அதையும் வேடிக்கையாக்கிச் சமாளித்தார். கேட்க வந்தவர்களுக்குப் பாடலைத்தானே தந்திருக்க வேண்டும்?

ஆயினும் அவரை வெறும் கோமாளி என்று ஒதுக்குவோர் ஒரு செய்தியை நினைவிற் கொள்ளல் வேண்டும். வான் ஹேலன் குழுவின் நிகழ்ச்சி ஒப்பந்தத்தில், தங்களுக்கு வைக்கும் எம் அண்ட் எம் மிட்டாய்களுள் பழுப்பு நிற மிட்டாய் ஒன்றுகூட இருத்தல் கூடாது என்று ஒரு விதி இருந்தது. பணத்திமிர் என்று உலகம் நகைத்தது. 1997 இல் வெளிவந்த தம் வரலாற்று நூலில் ராத் அதற்கு விளக்கம் தந்தார். அக்குழுவின் மேடைக் கருவிகள் மிகுந்த பாரமுடையவை. மின்னிணைப்பு, தளத்தின் வலிமை போன்றவை பற்றிய நிபந்தனைகள் பல பக்கங்களில் எழுதப்பட்டிருந்தன. அரங்கத்தார் அவற்றை உண்மையிலேயே படித்தனரா என்று அறிய இந்த மிட்டாய் விதியை இடையே செருகி வைத்தார்களாம். பழுப்பு மிட்டாய் கண்ணிற்பட்டால் மேடை முழுவதையும் மறுபடி சோதிப்பார்களாம். விளையாட்டுக் கோலத்துக்குள் எச்சரிக்கையுள்ள ஒரு தொழிலாளி ஒளிந்திருந்தார் என்பதற்கு இது சான்று.

இனிப் பாகப்பிரிவினைக்கு வருவோம். வான் ஹேலன் பாடல்களின் பல்லவிகளில் உயர்ந்தெழுந்து நம்மைப் பிடித்து நிறுத்தும் அந்தத் தெளிந்த உச்சக் குரல் யாருடையது? பலர் ராத்தினுடையது என்றே எண்ணிக் கொண்டிருக்கின்றனர். பெரும்பாலும் அது பின்னே நின்ற மைக்கேல் அந்தனியின் குரல். ராத் வரியைப் பேசிக்கொண்டே வந்து பல்லவியின் வாசலில் நிறுத்துவார். கதவைத் திறப்பவர் அந்தனி. கிதார் வாசிப்பிலே ஒரு தலைமுறையின் போக்கையே மாற்றிய எடியின் பங்கைச் சொல்லத் தேவையில்லை. முதல் தட்டில் உள்ள அவருடைய தனி வாசிப்பு இரண்டு நிமிடத்துக்குள் முடிகிறது. அதைக் கேட்டுக் கிதாரைக் கையிலெடுத்தோர் எண்ணற்றோர். ஆகவே 'ராத் பாடிய பாடல்' என்று நாம் சொல்லும்போது, அதில் மூவர் பங்கு அடங்கியிருக்கிறது.

அப்படியானால் ராத்தின் பங்கு எது? வரலாறே இதற்கு ஒரு சோதனை நடத்திப் பார்த்தது. 1985 இல் ராத் குழுவைப் பிரிந்தார். அவரிடத்தில் வந்தவர், டெம்பிள்மன் முன்பு எண்ணிய அதே சாமி ஹேகர். குரல் வளத்தில் ஹேகர் மேலானவர் என்பதில் நமக்குத் தயக்கமில்லை. 1986 முதல் 1995 வரை அவரோடு வெளிவந்த நான்கு இசைத்தட்டுகளும் பில்போர்டு பட்டியலில் முதலிடம் பெற்றன. ராத் காலத்து இசைத்தட்டு ஒன்றுகூட முதலிடம் எட்டியதில்லை. ராத்தோ, ஸ்டீவ் வாய், பில்லி ஷீஹன் போன்ற தேர்ந்த கலைஞர்களைச் சேர்த்துக்கொண்டு தனிக்குழு அமைத்தார். 1986 இல் 4 ஆம் இடம், 1988 இல் 6, 1991 இல் 18, 1994 இல் 78 என்று அவர் இசைத்தட்டுகள் படிப்படியாக இறங்கின. எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் வழக்கு முடிந்தது எனலாம்.

எண்ணிக்கை முழுவதையும் சொல்வதில்லை. ஹேகர் காலத்துப் பாடல்கள் வலிமையானவை, ஒழுங்கானவை, காதலைப் பற்றி உருக்கமாகப் பேசுபவை. ஆனால் அவற்றில் சிரிப்பு இல்லை. எடியின் கடுமையான திறமையைக் கண்டு மிரளாமல் சாதாரண மனிதன் உள்ளே நுழைய ஒரு வாசல் வேண்டியிருந்தது. 'இதெல்லாம் பெரிய வித்தைதான். இருந்தாலும் நீயும் வா, உட்கார், சிரி' என்று அழைத்த வாசல் ராத். பிரிந்தபின் குழுவினர் அந்த வாசலை இழந்தனர். ராத் அந்த வீட்டையே இழந்தார். 2007 இல் அவர் மீண்டும் குழுவோடு சேர்ந்து பயணம் புறப்பட்டபோது, அக்குழு கண்டிராத வருவாய் குவிந்ததன் காரணம் இதுவே என்று கருதுகிறோம். ஆனால் அந்தப் பயணத்தில் மைக்கேல் அந்தனிக்கு இடமில்லை. அவருடைய பேஸ் கிதாரை எடியின் மகன் ஏந்தி நின்றார். அதே ஆண்டு ராக் அண்ட் ரோல் புகழ்க்கூடத்தில் குழுவினர் சேர்க்கப்பட்டபோது, விழாவுக்கு வந்தவர்கள் ஹேகரும் அந்தனியும் மட்டுமே. முன்னே நிற்பவனை உலகம் நினைவில் வைத்துக்கொள்ளும். பின்னே நின்று பல்லவியைத் தாங்கியவனை மறந்துவிடும். நம் வருத்தமெல்லாம் இதுதான்.

காலமும் தன் வேலையைச் செய்தது. டோக்கியோவில் 2013 இல் பதிவாகி 2015 இல் வெளிவந்த நேரடி இசைத்தட்டில், ராத்தின் குரல் பல இடங்களில் சுருதியை விட்டு விலகித் தள்ளாடுகிறது. 2020 அக்டோபரில் எடி மறைந்தார். வான் ஹேலன் என்னும் அத்தியாயமும் முடிந்தது. 2021 இல் ஓய்வை அறிவித்த ராத், 2025 மே மாதம் மேரிலாந்து மாநிலத்தில் மீண்டும் மேடையேறினார். கைதட்டலை விட்டுப் பிரிவது எளிதன்று போலும்!

அவரைப் பார்த்துக் கிளம்பிய எண்ணற்ற பாடகர்களையும் இங்கே நினைக்கத் தோன்றுகிறது. அவர்கள் அவர் முடியை வளர்த்தனர், உடையை உடுத்தனர், தாவலைப் பழகினர். அவர் செவியை எடுத்துக்கொண்டவர் அரிது. பழைய புளூஸையும் கொட்டகைப் பாடலையும் தேடிக் கேட்டவர் அதனினும் அரிது. ஆகவேதான் 1990களின் தொடக்கத்தில் இரசனை மாறியவுடன் அந்தக் கோலம் ஒரே வீச்சில் சாய்ந்தது. கோலத்துக்குள் இருந்த கலை ராத்தின் முதல் ஆறு இசைத்தட்டுகளில் இன்றும் வாழ்கிறது.

முடிவாகக் கூறுகிறோம். மாபெரும் பாடகர் என்ற பட்டம் டேவிட் லீ ராத்துக்கு உரியதன்று. அதன் பெரும்பங்கை மைக்கேல் அந்தனியின் குரலுக்கும் எடியின் விரல்களுக்கும் பிரித்துக் கொடுத்துவிட வேண்டும். கடினமான இசைக்கும் எளிய மனிதனுக்கும் இடையே நின்று இருவரையும் சிரிக்கவைத்துச் சேர்த்து வைத்த கூத்துக் கலைஞர் என்ற பெயர், ஒரு காசும் குறையாமல் அவருக்கே உரியது. தம் பங்கைப் பெறுவதில் எவருக்கும் இழுக்கில்லை; பிறர் பங்கும் சேர்ந்து தம் பெயரில் இருப்பதுதான் இழுக்கு. இனி வான் ஹேலன் பாடலொன்றைக் கேட்க நேரும் அன்பர்கள், முன்னே ஒலிக்கும் குரலைக் கேட்டு மகிழட்டும். பல்லவி எழும்போது அதன் பின்னால் ஒலிக்கும் குரலுக்கும் சற்றே செவி சாய்க்கட்டும்.