ரெவிட்டில் இரட்டை கிரிட்: மறைத்தால் தீர்ந்துவிடுமா?

கட்டட வடிவமைப்புக்கான ரெவிட் மென்பொருளின் விலை, வேகம் பற்றியெல்லாம் நிறையப் பேர் எழுதியாச்சு. நான் இங்கே எடுத்துக்கொள்வது அதன் ஒரே ஒரு டயலாக் பெட்டியை. லிங்க் செய்த மாடலில் இருந்து வரும் குறிப்புகளில் எது தெரிய வேண்டும், எது மறைய வேண்டும் என்று நாம் சொல்கிற இடம் அது. பார்க்கச் சின்ன விஷயம். ஆனால் ஒரு தூண் எங்கே நிற்கப் போகிறது என்பது வரை அதன் விளைவு போகும்.

முதலில் கொஞ்சம் பின்னணி. பெரிய கட்டடத்தை ஒரே கோப்பில் யாரும் வரைவதில்லை. ஆர்க்கிடெக்ட்டுக்கு ஒரு மாடல், ஸ்ட்ரக்சுரல் எஞ்சினியருக்கு ஒரு மாடல், ஏசி, பிளம்பிங், எலெக்ட்ரிகல் ஆட்களுக்கு ஆளுக்கொன்று. அவரவர் கோப்பில் மற்றவர்களின் மாடலை லிங்க்காக இணைத்துக்கொள்வார்கள். நாம் வேலை செய்யும் கோப்பு ஹோஸ்ட். உள்ளே வருவது லிங்க். லிங்க்கில் இருப்பதைப் பார்க்கலாம், அளக்கலாம், அதற்கு டேக் போடலாம். ஹோஸ்ட்டில் இருந்தபடி அதைத் திருத்த முடியாது.

ஸ்ட்ரக்சுரல் மாடலை இணைத்ததும் அதன் கிரிட் கோடுகள் உங்கள் பிளானிலும், லெவல் கோடுகள் உங்கள் செக்ஷனிலும் வந்து உட்கார்ந்துகொள்ளும். உங்கள் கோப்பிலும் அதே ஏ, பி, சி கிரிட்கள் இருக்கின்றன. ஆக எல்லாமே இரட்டை. அதே சமயம் அவர்கள் எழுதிய டெக்ஸ்ட், போட்ட டைமன்ஷன், டேக் எதுவும் வராது. "இது வருது, அது மட்டும் ஏன் வரலை?" என்பது ரெவிட் பழகுகிறவர்கள் சீக்கிரமே கேட்கும் கேள்வி.

பதில், தரவு அமைப்பில் இருக்கிறது. கிரிட்டும் லெவலும் மாடலுக்கே சொந்தம். டெக்ஸ்ட், டைமன்ஷன், டேக் மூன்றும் ஒரு குறிப்பிட்ட வியூவுக்கு மட்டும் சொந்தம். 1:100 பிளானுக்காக எழுதியதை 1:20 டீட்டெயிலில் கொண்டுவந்து போட்டால் படம் குப்பையாகிவிடும். எனவே இந்தப் பிரிவினை நியாயமானதுதான். ஆனால் ரெவிட் இரண்டு வகையையும் 'அனோட்டேஷன் கேட்டகரீஸ்' என்ற ஒரே தாவலில், ஒரே மாதிரி டிக் பெட்டிகளாக அடுக்கி வைத்திருக்கிறது. புரோகிராமர் கண்ணுக்கு இது, வெவ்வேறு ஸ்கோப் உள்ள மாறிகளை ஒரே பட்டியலில் போட்ட மாதிரி. பட்டியலில் டெக்ஸ்ட்டுக்கு நேரே டிக் இருக்கும்; திரையில் லிங்க்கின் டெக்ஸ்ட் இருக்காது.

இரட்டை கிரிட்டை மறைக்கும் வழி இது. வி.வி. அழுத்தினால் விசிபிலிட்டி கிராஃபிக்ஸ் திறக்கும். அதில் ரெவிட் லிங்க்ஸ் தாவல். லிங்க்குக்கு நேரே இருக்கும் 'பை ஹோஸ்ட் வியூ'வை அழுத்தி, பேசிக்ஸில் 'கஸ்டம்' ஆக்க வேண்டும். பிறகு அனோட்டேஷன் கேட்டகரீஸ் தாவலுக்குப் போய், அங்கே இன்னொரு தடவை 'கஸ்டம்'. அதற்குப் பிறகுதான் கிரிட்ஸ், லெவல்ஸ் டிக்கை எடுக்க முடியும்.

அவர்களின் டெக்ஸ்ட்டும் டைமன்ஷனும் வேண்டுமென்றால், பேசிக்ஸில் அவர்களுடைய வியூ ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அனோட்டேஷனை மட்டும் 'பை லிங்க்ட் வியூ' என்று வைக்கலாம். சுவர், தூண் எல்லாம் நம் வியூவின்படியே இருக்கும். இது நிஜமாகவே நல்ல வசதி.

ஆனால் இவ்வளவும் ஒரு வியூவுக்கு, ஒரு லிங்க்குக்கு. 4 லிங்க்குகளும் 120 வியூக்களும் உள்ள ஒரு புராஜெக்ட்டைக் கற்பனை செய்துகொள்ளுங்கள்: 480 இடங்கள். வியூ டெம்ப்ளேட் வைத்து 12 வகைகளாகச் சுருக்கினாலும் 48. அப்புறம் ஐந்தாவது மாடல் ஒன்று வரும். அது எல்லா டெம்ப்ளேட்டிலும் 'பை ஹோஸ்ட் வியூ' என்றே நுழையும். அதன் கிரிட்கள் பழையபடி எல்லாப் படங்களிலும் முளைக்கும்.

இதுவரை சொன்னது அலுப்பு. ஆபத்து இனிமேல்தான்.

ஸ்ட்ரக்சுரல் எஞ்சினியர் பி கிரிட்டை 150 மில்லிமீட்டர் நகர்த்துகிறார் என்று வைத்துக்கொள்வோம். லிங்க்கின் கிரிட்டை மறைக்காமல் விட்டிருந்தால் படத்தில் இரண்டு பி தெரியும். அசிங்கமாக இருக்கும், ஆனால் ஏதோ தப்பு என்று யாராவது கேட்பார்கள். மறைத்திருந்தால் படம் பளிச்சென்று இருக்கும். அதில் நிற்பது நம்முடைய பழைய பி. அந்த பிரின்ட்டை வைத்துத்தான் சைட்டில் மார்க்கிங் போடுவார்கள். ஆக அந்த டிக்கை எடுக்கும்போது, "இந்தப் படத்தில் என் கிரிட்தான் செல்லும்" என்று ஒரு முடிவும் எடுத்துவிடுகிறோம். டயலாக் பெட்டி அதை ஏதோ அழகுபடுத்தும் வேலை போலக் காட்டுகிறது.

இதற்குத்தானே காப்பி மானிட்டர் இருக்கிறது என்பீர்கள். உண்மை. லிங்க்கின் கிரிட்டை அதன் மூலம் நம் கோப்பில் நகலெடுத்தால், மூலம் நகரும்போது ரெவிட் எச்சரிக்கும். கோஆர்டினேஷன் ரிவ்யூவில் அந்த மாற்றத்தை ஏற்கலாம், மறுக்கலாம், தள்ளியும் போடலாம். தள்ளிப்போட்டால் படத்தில் ஒரு அடையாளமும் இருக்காது.

எனக்குப் புரியாதது இதுதான். இந்த பி அந்த பி-யின் நகல் என்று மென்பொருளுக்குத் தெரியும். இரண்டும் ஒரே இடத்தில் இருக்கின்றனவா, விலகிவிட்டனவா என்பதும் தெரியும். அப்படியிருந்தும் அந்த அறிவை வரையும் நேரத்தில் பயன்படுத்துவதில்லை. ஒன்றின்மேல் ஒன்று கச்சிதமாக இருந்தால் ஒன்றை மட்டும் காட்டு. விலகியிருந்தால் இரண்டையும் சிவப்பில் காட்டு. ஒரு இஃப், ஒரு எல்ஸ். தேவையான தரவு ஏற்கெனவே கோப்பில் இருக்கிறது.

இன்னொரு குறையும் உண்டு. நிரல் எழுதும்போது பப்ளிக், பிரைவேட் என்று பிரிக்கிறோம். எதை வெளியில் காட்டுவது என்பதை மாட்யூலை எழுதியவர் சொல்வார். ரெவிட் லிங்க்கில் அந்த உரிமை மாடலை அனுப்புகிறவருக்கு இல்லை. "பகிர்வதற்கு" என்று ஒரு வியூவை அவர் தயார் செய்து வைக்கலாம். வாங்குகிறவர் அதைத் தேர்ந்தெடுத்தால் சரி, இல்லையென்றால் ஒன்றும் செய்வதற்கில்லை. ஒழுங்கு முழுவதும் ஆட்களின் பழக்கத்தை நம்பி நிற்கிறது.

அதுவரைக்கும் கைவசம் இருக்கும் ஒரு வழி: பிரின்ட் போகிற வியூக்களில் லிங்க்கின் கிரிட்டைத் தாராளமாக மறையுங்கள். கூடவே, தளத்துக்கு ஒன்று என்று ஷீட்டில் வைக்காத ஒரு சோதனை வியூ வைத்துக்கொள்ளுங்கள். அதில் அதே கஸ்டம் தாவலில் லிங்க்கின் கிரிட் டிக்கை விட்டுவைத்து, கோட்டின் நிறத்தை மட்டும் சிவப்பாக மாற்றிவிடுங்கள். படத்தை அனுப்புவதற்கு முன் அதை ஒரு தடவை திறந்து பாருங்கள். உங்கள் கோட்டை விட்டுச் சிவப்பு எங்காவது தனியாகப் போயிருந்தால், அன்றைக்கு அந்தப் படம் வெளியே போக வேண்டாம்.