உயரம் மட்டும் போதுமா?

கேளிக்கைப் பூங்கா ஒன்றில் புதிய ரோலர் கோஸ்டர் வரப்போகிறது என்றால், அறிவிப்பில் முதலில் நிற்பவை இரண்டு எண்கள்: உயரம் இத்தனை அடி, வேகம் மணிக்கு இத்தனை மைல். ஆவலோடு காத்திருப்பவர்களும் இந்த இரண்டையும் கொண்டே அதை மதிப்பிடுகிறார்கள். குழந்தைகளும் பெற்றோரும் சேர்ந்து ஏறும் குடும்ப வண்டிக்கு இந்த அளவுகோல் பொருந்துமா? நீண்ட காலம் காக்க வைத்த ஒரு வண்டியைக் கொண்டு இதை ஆராய்வோம்.

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், எலிஸ்பர்க் என்ற சிற்றூரின் அருகே கனோபெல்ஸ் பூங்கா இருக்கிறது. 1926-இல் தொடங்கப்பட்ட இந்தப் பூங்காவுக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது. ஏறும் ஊர்திக்கு மட்டும் சீட்டு வாங்கினால் போதும். இங்கே 'ஃப்ளையிங் டர்ன்ஸ்' என்ற ரோலர் கோஸ்டரைக் கட்டும் வேலை 2006-இல் தொடங்கியது. மக்கள் அதில் ஏறியதோ 2013 அக்டோபரில்!

அப்படி என்ன புதுமை? வண்டி இறங்கும் பாதையில் தண்டவாளமே இல்லை. மரத்தால் ஆன அரைவட்ட வாய்க்கால் ஒன்று வளைந்து வளைந்து செல்கிறது. அதற்குள் வண்டி தன் போக்கில் ஓடுகிறது. முதல் உலகப் போரில் விமானியாக இருந்த ஜான் நார்மன் பார்ட்லெட் என்பவரின் யோசனை இது. இவ்வகையில் முதலாவது 1929-இல் ஒஹையோ மாநிலத்து டேட்டன் நகரில் ஓடியது. சிகாகோவின் ரிவர்வியூ பூங்கா 1967-லும், கிளீவ்லாந்தின் யூக்ளிட் பீச் பூங்கா 1969-லும் மூடப்பட்டபோது அங்கிருந்தவையும் மறைந்தன. உலோக வாய்க்கால் வண்டிகள் பின்னர் வந்தன. மரத்தில் ஒன்றைக் காண நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

இனி எண்களுக்கு வருவோம். இதன் உயரம் சுமார் 50 அடி, அதாவது 15 மீட்டர். இந்த உயரத்திலிருந்து ஒரே சரிவில் உராய்வின்றி இறங்கினால் மணிக்கு 60 கிலோமீட்டருக்கு மேல் வேகம் கிடைக்கும். ஆனால் இந்த வண்டியின் உச்ச வேகம் 38 கிலோமீட்டர் அளவே. காரணம், உயரம் ஒரே வீழ்ச்சியில் செலவாவதில்லை. வண்டி மூன்று முறை மேலே இழுக்கப்பட்டு, வளைவுகளில் சிறிது சிறிதாக இறங்குகிறது. எண்களை மட்டும் பார்ப்பவருக்கு இது சாதாரண வண்டி.

உண்மை வேறு. ஒரு கிண்ணத்தில் கோலிக்குண்டை இட்டுச் சுழற்றிப் பாருங்கள். மெதுவாகச் சுழற்றினால் குண்டு அடியிலேயே ஓடும். வேகம் கூடினால் தானே சுவரில் ஏறும். வாய்க்கால் வண்டி செய்வதும் இதுவே. நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில், 10 மீட்டர் ஆரமுள்ள வளைவில் வண்டி திரும்புவதாகக் கொள்வோம். அது ஏறத்தாழ 45 பாகை சாய்ந்துகொள்ளும். அமர்ந்திருப்பவர் பக்கவாட்டில் தள்ளப்படுவதில்லை. தம் எடை 1.4 மடங்கு ஆனதுபோல இருக்கையில் அழுந்துகிறார். தண்டவாளத்திலோ சாய்வு கட்டும்போதே நிர்ணயிக்கப்படுகிறது. அது ஒரு குறிப்பிட்ட வேகத்துக்குத்தான் சரியாகப் பொருந்தும். வேகம் மாறினால் குழந்தை ஒரு பக்கமாகச் சாய்ந்து இடிபடும்.

காத்திருப்பின் காரணமும் இங்கேதான் இருக்கிறது. வண்டி எவ்வளவு உயரம் ஏறும் என்பதைத் தண்டவாளம் தீர்மானிப்பதில்லை, வேகம் தீர்மானிக்கிறது. வேகமோ சக்கர உராய்வையும், காற்றின் தடையையும், வண்டியின் எடையையும் பொறுத்தது. வெள்ளோட்டங்களில் சக்கரங்கள் தொல்லை கொடுத்தன. வண்டிகளையே மாற்றிச் செய்ய நேர்ந்தது. இதைத் தோல்வி என்று சிலர் எள்ளி நகையாடியிருக்கலாம். என் மதிப்பில் இந்த ஊர்தியின் மிகப் பெரிய சிறப்பு இந்தத் தாமதமே. அறிவித்த தேதிக்காகத் திறந்துவிட்டு, பயணிகளைக் கொண்டு சோதனை செய்வது அறிவியல் ஆகாது.

குறைகள் இல்லாமல் இல்லை. எடை பார்த்தே ஏற்றுகிறார்கள். ஒரு வண்டிக்கு வரம்பு 400 பவுண்டு, சுமார் 181 கிலோகிராம். அதனால் பருமனான இருவர் சேர்ந்து ஏற இயலாது. மூன்று சிறு வண்டிகள் கோத்த தொடரில் ஆறு பேருக்கே இடம்; வரிசை மெதுவாகத்தான் நகரும். குடும்ப வண்டிக்கு இது சிறு குறையன்று. ஆயினும் குழந்தை முன்னாலும் பெற்றோர் பின்னாலும் ஒட்டி அமரும்படி இருக்கை இருப்பதால், பயமும் மகிழ்ச்சியும் இருவருக்கும் ஒருசேரக் கிடைக்கின்றன.

அடுத்த முறை ஒரு புதிய ரோலர் கோஸ்டர் பற்றிப் படிக்கும்போது, உயரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆனால் அத்துடன் நிறுத்திவிடாதீர்கள். அந்த உயரம் எப்படிச் செலவாகிறது? வளைவில் உடல் எந்தப் பக்கம் தள்ளப்படுகிறது? எத்தனை வெள்ளோட்டம் விட்டுத் திறந்தார்கள்? இவற்றுக்கு விடை தராத அறிவிப்பு எவ்வளவு பெரிய எண்ணைச் சொன்னாலும் அது வெறும் விளம்பரமே.