டாம் ஃபோர்டின் 'ஊத் வுட்': மரம் இருக்கு, அகில்?

ஊத் என்பது நம்ம அகில்தான். அக்விலாரியா மரத்தில் பூஞ்சை தொற்றினால், தன்னைக் காத்துக்கொள்ள அது பிசின் சுரக்கும். அந்தப் பிசின் ஊறிய கட்டைக்குத்தான் இவ்வளவு விலை. அசல் எண்ணெயை முகர்ந்து பாருங்கள். மாட்டுக்கொட்டில், பழைய தோல், கொஞ்சம் மருந்து நெடி. அப்புறம்தான் இனிப்பு எட்டிப் பார்க்கும்.

2007-ல் வந்த டாம் ஃபோர்டின் 'ஊத் வுட்'டில் அந்தக் கொட்டில் கிடையாது. முதலில் ஏலக்காயும் மிளகும், பிறகு சந்தனம், வெட்டிவேர், கடைசியில் வெனிலா. எங்கேயும் பிசிறில்லை. ஆபீஸுக்குத் தாராளமாகப் போடலாம், பக்கத்து சீட்டுக்காரர் முகம் சுளிக்க மாட்டார். மரவாசனை பெர்ஃப்யூம் என்ற வகையில் நல்ல மார்க் போடுவேன்.

ஆனா ஊத் என்று பார்த்தால்? ஈவ் செயின்ட் லாரனில் ஃபோர்ட் இருந்தபோது 2002-ல் வெளியான 'எம்7'-ன் முரட்டுத்தனம்கூட இதில் இல்லை. பழகாத மூக்கு மிரளாதபடி அகிலின் ஓரங்களைச் சீவிவிட்டார்கள். அந்தச் சீவலுக்குத்தான் காசு. அது வேண்டுமென்றால் வாங்குங்கள். அகில்தான் வேண்டுமென்றால், இதே பணத்துக்கு அசாமின் ஹோஜாய் பக்கம் வடிக்கிற எண்ணெயில் சில துளிகள் போதும்.